சாவித்ரி டீச்சர் வாங்கிய சுண்ணாம்பு

கல்யாணமாகாத ஒரு பெண்பிள்ளை தினமும் சாயங்காலம் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் வெற்றிலைக் கடையில் நின்று சுண்ணாம்பு வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. அதுவும் வாங்கியவள் பெண்கள் பள்ளியின் சயின்ஸ் டீச்சர். வெற்றிலை வாங்கவில்லை, பாக்கு வாங்கவில்லை, வெறும் சுண்ணாம்பு மட்டும் வாங்கினாள் என்பதில்தான் ஊருக்கு மண்டை குடைந்தது. ஆனால் அந்த வம்பைச் சொல்வதற்கு முன்னால், மலையடிவாரத்துக்குக் கடல் வந்து சேர்ந்த கூத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷம் குற்றாலத்தில் சீசன் பொருட்காட்சி நடத்திய கமிட்டிக்கு வல்லிநாயகம் அண்ணாச்சி தலைவர். சுந்தரபாண்டியபுரத்தில் நஞ்சை, தென்காசியில் மாடி வீடு, இடுப்பில் வெள்ளி வெற்றிலைப் பெட்டி. பெண்கள் பள்ளிக் கமிட்டிக்கும் அவரே தலைவர். எந்தத் தலைவர் பதவி காலியானாலும் அது அவரை நினைத்துத்தான் காலியாகியிருக்கிறது என்று ஊரில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி அதை எல்லோருக்கும் முன்னாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்.

அந்த வருஷம் பங்குனியில் அவர் ஒரு கல்யாணத்துக்காக மதராஸ் போனார். போன இடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் கடல் மீன் நீந்துவதைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்த பிறகு பெண் எப்படி, மாப்பிள்ளை எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் மீனைப் பற்றியே பதில் சொன்னார். இந்த சீசனுக்குப் பொருட்காட்சியில் கடல் வைக்கிறோம் என்று கமிட்டியில் அறிவித்தார். கமிட்டி கைதட்டியது. கைதட்டுவதற்கென்றே சேர்த்த கமிட்டி அது.

அவருடைய திட்டம் எளிது. தூத்துக்குடியிலிருந்து மீனைக் கொண்டுவருவது, அருவித் தண்ணீரில் விடுவது. உப்பில்லாத தண்ணீரில் கடல் மீன் செத்துப்போகுமே என்று யாரும் கேட்கவில்லை. குற்றாலத் தண்ணீரால் ஆகாதது ஒன்று உண்டு என்று அந்தப் பக்கத்தில் வாய்விட்டுச் சொன்னவன் பிறகு அங்கே நிம்மதியாகக் குளிக்க முடியாது. மூலிகைத் தண்ணீர் அல்லவா? பைத்தியம் தெளியும், படை போகும், பிள்ளையில்லாதவளுக்குப் பிள்ளை பிறக்கும், மூன்று வேளை பசிக்கிறவனுக்கு ஐந்து வேளை பசிக்கும். இதில் பசி ஒன்றைத்தான் சாவித்ரி நேரில் பார்த்திருக்கிறாள்.

சாவித்ரிக்கு வயது இருபத்தெட்டு. கெமிஸ்ட்ரி படித்தவள். ஐந்து வருஷமாகத் தற்காலிக டீச்சர். ஏப்ரலில் பள்ளி மூடும்போது, உங்கள் சேவை இத்துடன் முடிகிறது என்று ஒரு காகிதம் வரும். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீரகேரளம்புதூரில் அண்ணன் வீட்டுக்குப் போவாள். அண்ணி அவள் முகத்தைப் பார்க்கும் முன்னால் பெட்டியைப் பார்ப்பாள். இரண்டு மாதம் அந்த அடுப்படியில் கிடந்துவிட்டு, ஜூனில் வேறொரு காகிதம் வந்ததும் அதே பெட்டியோடு திரும்புவாள். இப்படி ஐந்து தடவை ஆகிவிட்டது. ஆறாவது தடவை போகக்கூடாது. உலகத்தில் அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போடவேண்டியவர் அண்ணாச்சி.

அவர் அவளைக் கூப்பிட்டனுப்பி, கடல் தொட்டி இனி உங்கள் பொறுப்பு என்றார். நாற்பது நாள் பொருட்காட்சி முடியும்வரை அது உயிரோடு இருந்தால் உத்தரவு வீடு தேடி வரும் என்றும் சொன்னார். உயிரோடு இல்லாவிட்டால் என்ன வரும் என்று சொல்லவில்லை.

அருவித் தண்ணீரில் மீனை விட்டால் அரைமணி நேரம்கூடத் தாங்காது என்று அவருக்குப் புரியவைக்க அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. கடைசியில் இறங்கி வந்தார். கல்யாண வீடுகளுக்கு இரவல் கொடுக்கும் பெரிய ஊறுகாய் ஜாடிகளில் தூத்துக்குடியிலிருந்து லாரியில் கடல் தண்ணீர் வந்தது. உயிருள்ள பவளக்கல் நான்கு, பூப்போல விரிந்து சுருங்கும் கடல் பூ ஒன்று, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒரு ஜோடி, நீல மீன் ஏழு. காற்றுக்கு லாரி டியூப் ஒன்றை நிரப்பி, ரப்பர் குழாய் வழியாகக் குமிழி விடச் செய்தாள். காவலாளி தாணு டியூபுக்குக் காற்றடித்தே தோள்பட்டை வீங்கினான்.

தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், அதற்கு அருவித் தண்ணீரே போதும் என்று அவள் விளக்கினாள். இதில் கடைசி வாக்கியம் மட்டும் அண்ணாச்சியின் காதில் விழுந்தது. திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, குற்றாலத் தண்ணீரால் வாழும் கடல் இது, வேறு ஒரு சொட்டு மருந்து இதில் கிடையாது என்று முழங்கினார். அதையே பலகையில் எழுதித் தொட்டிக்கு மேலே மாட்டினார்கள். ஊறுகாய் ஜாடிகள் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன.

ஆறாம் நாள் காலையில் பவளக்கல் விரியவில்லை. கடல் பூ சுருங்கிக் கிடந்தது. சாவித்ரி பள்ளி லேபிலிருந்து கொண்டுவந்த காரத்தில் சிவக்கும் பினாப்தலீனை, சோதனைக் குழாயில் எடுத்த தொட்டித் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டாள். நல்ல கடல் தண்ணீரென்றால் மிக லேசாக ஓர் இளஞ்சிவப்பு காட்டும். முதல் நாள் காட்டியது. இன்றைக்கு ஒன்றுமில்லை. பிறகு அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எத்தனை சொட்டு தாங்குகிறது என்று பார்த்தாள். முதல் நாள் தாங்கியதில் முக்கால்வாசிகூடத் தாங்கவில்லை.

காரணம் அவளுக்குத் தெரிந்தது. கடல் தண்ணீர் லேசான காரம். அந்தக் காரம் ஏறாமல் இறங்காமல் நிற்பது தண்ணீரில் கரைந்திருக்கும் சத்தின் பலத்தால்தான். பவளப் பூச்சி தன் கூட்டைக் கட்ட அதிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக்கொண்டே இருக்கும். மீன் கழிவில் உண்டாகும் புளிப்பு மிச்சத்தைத் தின்னும். கடலுக்கு அது தானாக வந்து சேரும். தொட்டிக்கு யார் சேர்ப்பது? அருவித் தண்ணீரில் சுண்ணாம்பு பேருக்குக்கூடக் கிடையாது. அதனால்தான் அதில் சோப்பு அப்படி நுரைக்கிறது. ஊர் பெருமையடித்துக்கொள்ளும் அதே நுரைதான்.

அண்ணாச்சி அருவியில் குளித்துவிட்டு வெற்றிலையை மென்றபடி தொட்டியைப் பார்க்க வந்தபோது அவள் விஷயத்தைச் சொன்னாள். வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும். கலங்கல் போகக்கூடாது, அளவும் மீறக்கூடாது. அண்ணாச்சி பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்தார்.

"விடுங்க டீச்சர். ஆனா நீங்க விடுதது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியப்படாது. குத்தாலத் தண்ணிக்குக் குறைன்னு எவனாவது சொன்னா, உங்க ஆர்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அன்று சாயங்காலம் ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நூர்நிஷாவின் வெற்றிலைக் கடையில் ரோஸ் கலக்காத வெள்ளைச் சுண்ணாம்பாகக் கேட்டு வாங்குவாள். காற்றுப்பட்ட சுண்ணாம்புக்கு வீரியம் போய்விடும் என்பதால் அன்றன்றைக்குப் புதிதாக வேண்டும். வீட்டில் பாட்டிலில் கலக்கி வைத்துவிட்டு, விடிந்தும் விடியாத முதல் பஸ்ஸில் குற்றாலம் போவாள். மீன் விழிக்கும் முன்னால், பாட்டிலின் வாயில் துணித்திரி வைத்துத் தெளிவை ஒழுகவிடுவாள். பிறகு பினாப்தலீன். பத்தாம் நாள் இளஞ்சிவப்பு திரும்பி வந்தது. பதினைந்தாம் நாளும் அதே நிறம். இருபதாம் நாளும் அதேதான். அந்த நிறத்தைப் பார்க்கும்போது அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லிக்கொள்ள ஓர் ஆள் கிடையாது. கடல் பூ விரிய, பட்டை மீன் இரண்டும் அதற்குள் போய்ப் படுத்து எழுந்து விளையாட, அவள் பள்ளிக்கு நேரமாவதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருப்பாள். உத்தரவுக்காக ஆரம்பித்த வேலைதான். நடுவில் எங்கேயோ உத்தரவு மறந்துபோயிருந்தது.

ஊருக்கு எதுவும் மறக்கவில்லை. கல்யாணமாகாத பெண் வெற்றிலை போடலாகாது என்பது அந்த ஊரில் எழுதி வைக்காத சட்டம். டீச்சர் போடுகிறாள் என்று முதலில் ஒரு பேச்சு. பிறகு சிலர் நூர்நிஷாவிடமே போய்க் கேட்டார்கள். அந்த அம்மாள் பொய் சொல்லத் தெரியாதவள். வெற்றிலையா, பாக்கா, அதெல்லாம் வாங்கினதே இல்லை, சுண்ணாம்பு மட்டும்தான் என்று உள்ளதைச் சொன்னாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அதுதான் வினையானது. சுண்ணாம்பு மட்டும் கடையில் வாங்குகிறாள் என்றால் வெற்றிலையும் பாக்கும் யார் கொடுப்பது? ஊர் ஒன்றரை நாள் யோசித்தது. தினமும் விடியற்காலையில் அவள் நிற்கும் தொட்டிக்கு, வெள்ளி வெற்றிலைப் பெட்டியோடு யார் வருகிறார் என்பதைக் கண்டுபிடிக்க அதற்கு மேல் நேரமாகவில்லை. அண்ணாச்சியின் பெட்டியில் வேறு அந்த வாரம் சுண்ணாம்பு காய்ந்து கிடந்ததாக யாரோ பார்த்தவர்களே சொன்னார்கள்.

பள்ளிக் கமிட்டிக்கு மொட்டைக் கடுதாசி வந்தது. செயலாளர் கைலாசத்துக்கு அண்ணாச்சியின் நாற்காலி மேல் எட்டு வருஷமாக ஒரு கண். கடுதாசியை அவர் கூட்டத்தில் நிறுத்தி நிதானமாக, வாசிக்கப் பிடிக்காதவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு வாசித்தார். ஒழுக்கம், கன்னிப்பெண், வெற்றிலை என்று போய்க்கொண்டிருந்தவரை அண்ணாச்சி கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சாவித்ரியை ஓரத்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். சுண்ணாம்பு எதற்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் பெயர் பிழைக்கும், உத்தரவு போய்விடும். சொல்லாவிட்டால் உத்தரவு வரலாம், பெயர் போய்விடும். அண்ணாச்சி ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்க்கவில்லை.

கைலாசம் கடைசி வரிக்கு வந்தார். "வெற்றிலை வரும் வெள்ளிப் பெட்டி யாருடையது என்பதைத் தலைவர் அவர்களே விசாரித்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம். இப்படி எழுதியிருக்காங்க அண்ணாச்சி. நான் சொல்லல, கடுதாசி சொல்லுது."

அண்ணாச்சிக்குக் கண் திறந்துகொண்டது. விசாரணையைத் திங்கட்கிழமைக்கு ஒத்திவைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். செய்தி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. அவர் மனைவி அகிலாண்டேஸ்வரி ஆச்சி சண்டை போடவில்லை, அழவில்லை. சாப்பாடு போட்டாள். சாப்பிட்டு எழுந்தவர் வழக்கம்போல வெற்றிலைத் தட்டுக்காகக் கையை நீட்டியபோது, "அதைக் குடுக்கதுக்குத்தான் குத்தாலத்துல ஆள் இருக்குல்லா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் வெறும் வாயோடு படுத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. முதல் பஸ்ஸில் வந்த சாவித்ரிக்கு முன்னாலேயே அண்ணாச்சி தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார். குளிக்கவில்லை. உதடு வெளுத்திருந்தது.

"டீச்சர், உண்மையைச் சொல்லிருங்க. சுண்ணாம்பு இதுக்குத்தான்னு எல்லாருக்கும் சொல்லிருங்க."

சாவித்ரி திரியைச் சரிசெய்துகொண்டே கேட்டுக்கொண்டாள். நேற்று பெஞ்சில் உட்கார வைத்து அவள் பெயரைக் கிழித்தபோது இந்த மனிதருக்கு உண்மை ஞாபகம் வரவில்லை. தன் வெற்றிலைத் தட்டு நின்றதும் வந்துவிட்டது.

"நான் சொன்னா, மாட்டிக்கிட்டவ ஏதோ சொல்லுதான்னு போயிரும் அண்ணாச்சி. நீங்கதான் சொல்லணும், மைக்கில. அதுக்கு முன்னால என் ஆர்டர்ல கையெழுத்து வேணும்."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். ஐந்து வருஷமாகத் தலையைக் குனிந்து சரி சரி என்றவள் இவள்தானா என்று பார்த்த பார்வை. பிறகு ஆள் அனுப்பிப் பள்ளியிலிருந்து காகிதத்தை வரவழைத்தார். தொட்டிக்குப் பக்கத்து முக்காலியில் வைத்தே கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை சாவித்ரி அதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பொருட்காட்சி மேடையில் அண்ணாச்சி பேசினார். ஆச்சியை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார். உண்மையைச் சொல்வதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தார், சொல்லவும் செய்தார். ஆனால் குற்றாலத் தண்ணீருக்குக் குறை என்று அவர் வாயால் வந்துவிடுமா? "இந்தத் தண்ணியில குளிச்சவனுக்குப் பசிக்கும், உங்களுக்குத் தெரியும். கடலுக்கும் பசிச்சிட்டு. வயிறு முட்டத் தின்னுட்டு. தின்னவனுக்கு வெத்தலை சுண்ணாம்பு குடுக்காம விடுதது நம்ம ஊர் மரியாதையா? அதனால டீச்சரம்மா நான் சொன்னபடி தினம் நம்ம தென்காசிச் சுண்ணாம்பு குடுத்துட்டு வருதாங்க." கைதட்டல் அருவிச் சத்தத்துக்கு மேல் கேட்டது. நூர்நிஷாவின் கடையிலிருந்து ஒரு பொட்டலம் இலவசமாக வந்தது. ஆச்சி அங்கேயே மடியிலிருந்து வெற்றிலை எடுத்து மடித்துக் கணவன் கையில் கொடுத்தாள். கைலாசமும் கைதட்டினார், கொஞ்சம் பிந்தி.

சாவித்ரி இந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தாள். பெயர் மிஞ்சியது, உத்தரவு பைக்குள் இருந்தது, கடல் உயிரோடு இருந்தது. எப்படிச் சொன்னால் என்ன என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வழக்கம்போலச் சொட்டு விட்டு, நிறம் பார்த்து, அங்கிருந்தே வீரகேரளம்புதூருக்குப் பஸ் ஏறினாள். பெட்டியில்லாமல் அண்ணன் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அண்ணி வாசலில் நின்று பெட்டியைத் தேடினாள். சாவித்ரி உத்தரவைக் கொடுத்தாள். அண்ணி இரண்டு தடவை வாசித்துவிட்டு, வெயிலில் வந்திருக்கிறாயே என்று மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பகல் முழுக்க அங்கேயே இருந்தாள். அடுப்படிப் பக்கம் யாரும் அவளை விடவில்லை.

திங்கட்கிழமை காலையில் குற்றாலத்தில் இறங்கித் தொட்டியருகே போனவள் முதலில் துணி போட்டு மூடியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். துணியில்லை. தண்ணீர்தான் மோர்போல வெளுத்திருந்தது. மேலே வெற்றிலை மிதந்தது. பாக்குச் சீவல் மிதந்தது. டியூபிலிருந்து வந்த குமிழி மட்டும் அந்த வெள்ளைக்குள் விடாமல் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

தாணு கையைப் பிசைந்துகொண்டு நின்றான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அண்ணாச்சியே ஆச்சியோடு வந்து வெள்ளிப் பெட்டியைத் திறந்து முதல் விள்ளல் சுண்ணாம்பைப் போட்டாராம். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு விரல் போட்டிருக்கிறார்கள். கடையநல்லூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் குழந்தை கையால் போட வைத்ததாம். "பிரியமாப் போட்டாங்க டீச்சரம்மா. எப்பிடி வேண்டாம்னு சொல்ல?" என்றான்.

சாவித்ரி சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்துப் பினாப்தலீன் விட்டாள். எதற்காக விட்டாள் என்று தெரியவில்லை, கை பழகிப்போயிருந்தது. குழாய் முழுக்கக் குங்குமச் சிவப்பானது. முழங்கைவரை கையை விட்டுத் துழாவினாள். பவளக்கல் மேல் சுண்ணாம்பு படிந்து வழவழத்தது. கடல் பூ கையோடு பிய்ந்து வந்தது. பட்டை மீன் இரண்டும் அதை விட்டுப் போகாமல் அதற்கடியிலேயே கிடந்தன. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். சனிக்கிழமை அந்த மனிதர் அவள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் நிலையில் நின்றிருந்தார். தொட்டிக்கு ஒரு மூடியும் பூட்டும் கேட்டிருக்கலாம். தனக்கு மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அண்ணாச்சி குளித்துவிட்டு, வாய் சிவக்க வந்தார். தொட்டியைப் பார்த்து உச்சுக்கொட்டினார். கடலுக்குச் சீரணிக்கிற கொடுப்பினை இல்லை என்றார். தூத்துக்குடிக் கடலே அப்படித்தான், அடுத்த வருஷம் கொல்லத்துக் கடலைக் கொண்டுவந்து பார்ப்போம், ஜாடி இருக்கிறது, டீச்சரும் இனி நிரந்தரமாக இருக்கிறாள், வருஷா வருஷம் நடத்திவிடலாம் என்று கணக்குப் போட்டார். கமிட்டியில் இன்றைக்கே தீர்மானம் போட்டுவிடுகிறேன், உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டார். பதிலுக்காகக் கேட்டதில்லை. ஐந்து வருஷமாக அவளிடம் கேட்ட எதற்கும் ஒரே பதில்தான் வந்திருக்கிறது.

சாவித்ரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மாட்டேன் அண்ணாச்சி," என்றாள்.

அவர் காதில் சரியாக விழவில்லை என்பதுபோல் முகத்தைச் சாய்த்தார். அவள் இன்னொரு தடவை சொன்னாள். பிறகு பட்டை மீன் இரண்டையும் தாணுவிடமிருந்து வாங்கிய வாழையிலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு, ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.